போன டம்ளர் திரும்பி வந்ததா?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். அவருடைய மகள் கனடாவில், டொராண்டோவை ஒட்டிய பிராம்ப்டனில் இருக்கிறார். வீட்டுப் பின்புறத்தில் வெந்நீர்த் தொட்டி ஒன்று வைக்கப்போகிறாராம். அங்கே அதற்கு ‘ஹாட் டப்’ என்று பெயர். நம் ஊர் ஹோட்டல் விளம்பரங்களில் ‘ஜக்குஸி’ என்று வருமே, அதன் பெரியப்பா பிள்ளை. தொட்டி விற்ற கடை, வண்டி வருவதற்குள் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் என்று இரண்டு பக்கப் பட்டியல் கொடுத்திருக்கிறது. கான்கிரீட் தளம், வேலியோரம் இத்தனை அகலத்துக்கு வழி, தனி மின்இணைப்பு, அதற்கு அனுமதி. “உட்கார்ந்து குளிக்கிற தொட்டிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? கடைக்காரர் தலையில் மிளகாய் அரைக்கிறாரா?” என்று கேட்கிறார்.

இல்லை ஐயா. பட்டியல் நியாயமானது. மிளகாய் அரைக்கப்படுவது பட்டியலோடு வந்த பளபளப்பான விளம்பரத் தாளில். உடம்பில் சேர்ந்த நச்சு வியர்வையாக வெளியேறும் என்று அதில் இருக்கும். அந்த வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருப்பவை சிறுநீரகமும் கல்லீரலும்தான். வெந்நீரில் கிடந்தால் மூட்டுவலிக்கு இதமாக இருக்கும், தசை தளரும். இது உண்மை, நம் பாட்டிகளுக்கும் தெரிந்த உண்மை. இதற்கு மேல் அச்சடித்திருப்பதை அச்சடித்தவரிடமே விட்டுவிடலாம்.

முதலில் எடை. கணக்கு ஆசிரியர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். பக்கத்துக்கு 2.1 மீட்டர் உள்ள சதுரத் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். வெறும் தொட்டி 350 கிலோ, தண்ணீர் 1400 லிட்டர், உள்ளே ஆறு பேர். மொத்தம் ஏறக்குறைய 2.2 டன். அது உட்காரும் இடம் சுமார் 4.4 சதுர மீட்டர். ஆக சதுர மீட்டருக்கு 500 கிலோ. குடியிருப்பு வீட்டின் தளங்களை, அங்கேயும் சரி இங்கேயும் சரி, சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில்தான் கணக்கிட்டுக் கட்டுகிறார்கள். அதனால்தான் மரப்பலகை மேடை போதாது, தரையில் பத்து சென்டிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் போடு என்கிறார்கள். தளம் மட்டமாகவும் இருக்க வேண்டும். அந்த ஊரில் குளிர்காலத்தில் மண்ணில் இருக்கும் ஈரமே உறைந்து தரையைத் தூக்கும். கீழே சரளை போட்டுத் தண்ணீர் தேங்காமல் செய்யாவிட்டால் இரண்டு பனிக்காலத்தில் தொட்டி ஒரு பக்கமாகத் தோளைச் சாய்த்து நிற்கும்.

வழி விஷயம் பீரோவை மாடிக்கு ஏற்றியவர்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். தொட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுவர மாட்டார்கள். பக்கவாட்டில் நிமிர்த்தி, சக்கரவண்டியில் தள்ளிக்கொண்டு வருவார்கள். அப்போது தொட்டியின் உயரம் வழியின் அகலமாகிவிடும், தொட்டியின் அகலம் உயரமாகிவிடும். வேலிக்கதவு ஒரு மீட்டருக்கு மேல் திறந்தால் போதும் என்று அளந்துவிட்டுத் தலைக்கு மேலே பார்க்காமல் விடுகிறவர்கள், தாழ்வாரக் கூரையிலோ மரக்கிளையிலோ மாட்டிக்கொள்கிறார்கள். சுவரை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும் எரிவாயு மீட்டரும் ஏசியின் வெளிப்பெட்டியும் இதில் சேர்த்தி. அப்புறம் கிரேன் கூப்பிட வேண்டியதுதான், வாடகையைக் கேட்டால் வெந்நீர் தேவைப்படாது, உடம்பு தானாகவே சூடாகும்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு ஒரு பத்தி. ஜக்குஸி என்பது குளியலின் பெயரல்ல, குடும்பப் பெயர். இத்தாலியிலிருந்து போய்க் கலிபோர்னியாவின் பெர்க்லியில் கடை போட்ட ஏழு சகோதரர்கள். முதலில் விமானத்துக்கு விசிறி செய்தார்கள். 1921இல் அவர்கள் செய்த விமானம் விழுந்து சகோதரர்களில் ஒருவர் இறந்தார். பிறகு விமானத்தை விட்டுவிட்டுக் கிணற்றுக்கு ஜெட் பம்பு செய்யத் தொடங்கினார்கள். சகோதரர்களில் கடைக்குட்டியின் மகனுக்குச் சிறு வயதிலேயே முடக்குவாதம். அவனுக்காக 1940களின் இறுதியில் குளியல் தொட்டிக்குள் இறக்கும் பம்பு ஒன்றை உருவாக்கினார்கள். 1968இல் பம்பு தொட்டியின் சுவருக்குள்ளேயே போய்விட்டது. கோயம்புத்தூரில் பம்பு செய்கிறவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட வேண்டாம்.

தொட்டியை வைத்தாயிற்று. தண்ணீர் நிரப்பும் முன் ஸ்விட்சைப் போடக் கூடாது. தண்ணீர் இல்லாமல் ஹீட்டர் சூடானால் அதன் கதை அன்றோடு முடிந்தது. பத்து டிகிரியில் வரும் குழாய்த் தண்ணீரை 38 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 46 யூனிட் மின்சாரம் வேண்டும். ஐந்தரை கிலோவாட் ஹீட்டர் என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல். விருந்தாளிகளை அன்றைக்கே கூப்பிடாதீர்கள்.

இப்போது நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த உண்மையான காரணத்துக்கு வருகிறேன். பட்டியலில் மின்சாரம் பற்றிய வரி. 240 வோல்ட், 50 ஆம்பியர், ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன், ஒண்டாரியோவின் மின் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு. இதில் நடுவில் இருக்கும் நாலெழுத்துதான் விஷயம். நம் ஊரில் ஈ.எல்.சி.பி. என்றும், இப்போது ஆர்.சி.சி.பி. என்றும், வேலை செய்கிறவர்கள் வாயில் வெறுமனே ‘ட்ரிப்பர்’ என்றும் வழங்குகிற ஜாதி.

சாதாரண பிரேக்கர் 50 ஆம்பியர் தாண்டினால்தான் விழும். மனிதனைக் கொல்ல ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். தோல் ஊறிப்போய்த் தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் ஆளின் உடம்பு 120 வோல்ட்டில் அதைத் தாராளமாக இழுக்கும். அந்த ஆள் பிரேக்கரின் கண்ணில் ஒரு சின்ன பல்பு, அது விழாது. அப்படியானால் இவ்வளவு குறைந்த கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

கல்யாண வீட்டில் வெள்ளி டம்ளரில் காபி போகிறது. சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு நிலைப்படி. அதன் பக்கத்தில் பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை பேர் வந்தார்கள், யார் எத்தனை காபி குடித்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாம். போன டம்ளரும் திரும்பி வந்த டம்ளரும் சரியா என்பது மட்டும்தான் கணக்கு. சரியாக இருக்கும்வரை பத்தாயிரம் டம்ளர் போனாலும் வாய் திறக்க மாட்டாள். ஒன்று குறைந்தால் கல்யாணத்தையே நிறுத்துவாள்.

பிரேக்கருக்குள் இருக்கும் பாட்டி ஒரு காந்த வளையம். போகிற ஒயர், வருகிற ஒயர் இரண்டும் அதன் ஓட்டைக்குள்ளே சேர்ந்து நுழைகின்றன. போகிற மின்னோட்டம் வளையத்தில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். வருகிற மின்னோட்டம் அதே அளவில் எதிர்த்திசையில் உண்டாக்கும். இரண்டும் அடிபட்டு மிச்சம் பூஜ்யம். இதுதான் என்னை எப்போதும் மயக்கும் இடம். பெரிய எண்கள் இரண்டைத் தனித்தனியே அளந்து கழிக்கவில்லை. இயற்கையே கழித்துக் கொடுத்துவிடுகிறது. யாரோ ஒருவர் உடம்பு வழியாகக் கொஞ்சம் மின்சாரம் தரைக்கு நழுவினால் மிச்சம் பூஜ்யமாக இருக்காது. வளையத்தில் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பிச்சுருளில் அந்த மிச்சம் ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தூண்டும், அது பூட்டை விடுவிக்கும். கண்டுபிடிக்க வேண்டிய கசிவு 5 மில்லி ஆம்பியர். ஓடுகிற மின்சாரம் 50 ஆம்பியர். பத்தாயிரத்தில் ஒரு டம்ளர்!

உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கனடாவில் மின்சாரம் நொடிக்கு 60 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் சமையல்கட்டு கூடமாகவும் கூடம் சமையல்கட்டாகவும் மாறிக்கொண்டே இருக்க, பாட்டி அசராமல் எண்ணுகிறாள். போதாததற்கு அந்த ஊர் வீடுகளில் சமையல்கட்டு இரண்டு: 120 வோல்ட்டில் இரண்டு ஒயர், நடுவில் ஒரு நியூட்ரல். ஹீட்டருக்கு 240 வேண்டும் என்பதால் ஒரு சமையல்கட்டில் புறப்பட்ட டம்ளர் அடுத்ததில் போய்ச் சேரும். தொட்டியின் விளக்கு, தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஓசோன் பெட்டி போன்றவை பெரும்பாலும் 120இல் ஓடி நியூட்ரலில் திரும்பும். மூன்று ஒயரும் வளையத்துக்குள் போய்விட்டால் கூட்டுத்தொகை எப்போதும் பூஜ்யம்தான்.

தொட்டி வைத்த முதல் நாள் வரும் பிரபலமான புகாரின் வேர் இங்கேதான். பிரேக்கரிலிருந்து சுருள்சுருளாக ஒரு வெள்ளை ஒயர் தொங்கும். அது போர்டில் இருக்கும் நியூட்ரல் பட்டைக்குப் போக வேண்டும். தொட்டியிலிருந்து வரும் நியூட்ரல் பிரேக்கருக்குள் போக வேண்டும். அவசரக்கார எலெக்ட்ரீஷியன், “இரண்டும் வெள்ளைதானே” என்று தொட்டியின் நியூட்ரலையும் நேரே பட்டையில் மாட்டிவிடுவார். ஹீட்டர் சமர்த்தாக ஓடும். விளக்கைப் போட்ட நொடியில் ட்ரிப். திருட்டே நடக்கவில்லை, காபி குடித்தவர்கள் டம்ளரைக் கொல்லைப்புறம் வழியாகச் சமையல்கட்டில் கொண்டு வைத்துவிட்டார்கள். நிலைப்படியில் இருக்கும் பாட்டிக்கு அது எப்படித் தெரியும்? கூச்சல் போடுகிறாள். பழி தொட்டி மேல் விழுகிறது. நம் ஊரில் இன்வெர்ட்டர் போட்ட மறுநாளிலிருந்து ட்ரிப்பர் விழத் தொடங்கினால், அங்கேயும் இரண்டு நியூட்ரல் கலந்துபோயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த 5 மில்லி ஆம்பியர் எங்கிருந்து வந்தது? சார்லஸ் டால்சீல் என்ற பேராசிரியர் ஆட்களின் கையில் கம்பியைக் கொடுத்து, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த அளவுக்கு மேல் விரல்கள் இறுகிக் கம்பியை விட முடியாமல் போகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். சராசரிக்குக் கீழே உள்ளவர்களையும் காப்பாற்ற வேண்டுமே, அதனால் எல்லையை 5க்கு இறக்கினார்கள். 1961இல் இந்தக் கருவியை அவர்தான் உருவாக்கினார். அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகமும் பெர்க்லியில்தான், ஜக்குஸி சகோதரர்கள் கடை வைத்த அதே ஊர். நம் வீடுகளில் பொதுவாகப் போடுவது 30 மில்லி ஆம்பியர் ட்ரிப்பர். இதயத் துடிப்பு குலையும் முன் வெட்டிவிடும். ஆனால் ‘ஷாக்’ நன்றாகவே அடிக்கும்.

பாட்டியைத் தெய்வமாக்கவும் வேண்டாம். ஒருவர் ஒரு கையில் லைனையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், டம்ளர் போன வழியே ஒழுங்காகத் திரும்பி வரும். கணக்கு சரி, ஆள் காலி. இதற்காகத்தான் தொட்டியில் இருப்பவரின் கைக்கு எட்டாத தூரத்தில், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு தனி ஸ்விட்ச். சுற்றியிருக்கும் உலோகத்தையெல்லாம் செம்புக்கம்பியால் ஒன்றோடொன்று இணைப்பது. பதிவு, பரிசோதனை எல்லாம். பிரேக்கரில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஒரு டம்ளரைப் பாட்டிக்குத் தெரியாமல் வேண்டுமென்றே ஒளித்துவைக்கும். மாதம் ஒரு முறை உங்கள் மகளை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றைக்குத் தொட்டியில் யாரும் இறங்கக் கூடாது.

கடிதத்தின் கீழே இன்னொரு கேள்வி, வெட்கத்தோடு எழுதியதுபோல் சின்ன எழுத்தில்: “நம் வீட்டு மொட்டை மாடியில் இப்படி ஒன்று வைக்கலாமா?” சதுர மீட்டருக்கு 500 கிலோ என்ற கணக்கை ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் கூடாது. தவிர, மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு உங்கள் மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டியின் குழாயைத் திறந்து பாருங்கள். குமிழி வராது, அவ்வளவுதான்.