மூட்டு நோயை முன்கூட்டியே உணர்த்தும் குருதி

காலையில் விரல் மூட்டுகள் விறைத்து நெடுநேரம் மடங்க மறுப்பதை முதுமையின் இயல்பெனப் பலர் அலட்சியம் செய்கின்றனர். அது முடக்குவாத மூட்டழற்சியின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

நமது புரதங்களிலுள்ள ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தைச் சில நொதியங்கள் சிட்ருலினாக மாற்றுகின்றன. தோலின் மேற்படை உறுதி பெறுவதற்கும், வெண்குருதிக் கலங்கள் கிருமிகளைச் சிக்கவைப்பதற்கும் இம்மாற்றம் உதவுகின்றது. ஆனால், சிலருடைய நிர்ப்பீடனத் தொகுதி, இவ்வாறு மாறிய சொந்தப் புரதங்களையே அந்நியமெனக் கருதி அவற்றுக்கெதிராகப் பிறபொருளெதிரிகளை உருவாக்கிவிடுகின்றது. புகைத்தலும் நாட்பட்ட முரசு நோயும் இந்த ஆபத்துடன் தொடர்புடையவை.

இப்பிறபொருளெதிரிகள் மூட்டுவலி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே குருதியில் காணப்படக்கூடும். அவற்றைக் கண்டறியும் பரிசோதனை, அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் 2010 இல் வகுத்த நியமங்களில் இடம்பெற்றுள்ளது. எனினும், நோயாளர் அனைவரிடமும் இவை இருப்பதில்லை. ஆகவே பரிசோதனை முடிவு மட்டுமே தீர்ப்பாகாது. நோய்க்குறிகளையும் வைத்தியர் ஆராய வேண்டும்.

அரிக்கப்பட்ட மூட்டை மீட்பது அரிது. ஆரம்பத்திலேயே சிகிச்சை பெற்றால் அதனைக் காக்கலாம். வலிநிவாரணிகளால் நாட்களைக் கடத்தாது வைத்தியரை நாடுவதும், புகைத்தலைக் கைவிடுவதுமே விவேகமாகும்.