டப்பாவில் தொடங்கும் பிழை

தருமபுரி மாவட்டத்தில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. நிலத்தடி நீரில் மிகுந்த ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் பாதித்த பகுதி இது; அதை மாற்றத்தான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. ஃபுளோரைடு உடலுக்குள் போகும் அளவைச் சிறுநீரில் பார்க்கிறார்கள். அதற்குக் கண்ணாடிப் பாட்டில் உதவாது, பிளாஸ்டிக் டப்பாதான் வேண்டும். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடியது. மேலும், ஒருமுறை எடுத்த மாதிரி அண்மையில் குடித்த தண்ணீரையே பெரிதும் காட்டும். ஆண்டுக்கணக்காக எலும்பில் படிந்ததை முழுதாகச் சொல்லாது. எடுத்த விதம் தெரியாமல் எண்ணை மட்டும் படித்தால் ஏமாறுவோம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் ஆல்புமின், சர்க்கரைக்கும் இது பொருந்தும். வெள்ளைப்படுதலோ ரத்தமோ கலந்தால் ஆல்புமின் இருப்பதாகக் காட்டலாம்; கர்ப்பகால ரத்தக்கொதிப்பின் சிக்கலோ என்ற பயம் வீணாக எழும். மேல்தோல் செல்கள் நிறையத் தெரிந்தால் கலப்பு நேர்ந்திருக்கலாம் என்று பொருள். நேரமும் ஏமாற்றும். சித்தேரி போன்ற மலையூரில் காலையில் பிடித்த சிறுநீர் வெயிலில் பயணப்பட்டு வந்தால், இரண்டு மணி நேரம் கடந்ததுமே கிருமிகள் பெருகத் தொடங்கியிருக்கும். இல்லாத நோய்த்தொற்று இருப்பதாகத் தோன்றும். இருந்த சர்க்கரையைக் கிருமிகள் தின்று குறைத்துவிடும்.

‘சந்தேகமென்றால் மாத்திரை கொடுத்துவிடலாமே, கூலிவேலையை விட்டு வந்தவரை மறுபடி அலைக்கழிப்பதா?’ என்று கேட்கலாம். நியாயமான கவலைதான். ஆனால் தேவையற்ற ஆன்டிபயாட்டிக் கிருமிகளுக்கு எதிர்ப்பைப் பழக்குகிறது. உண்மையான காரணமும் மறைந்துபோகிறது. அங்கேயே மறுமாதிரி பிடித்துப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். பிறப்புறுப்பைக் கழுவிவிட்டுச் சிறுநீர் பிடிப்பதால் பெரிய வேறுபாடு இல்லை என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அப்படியானால் முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடிப்பதிலும், உடனே சோதிப்பதிலும், முடியாதபோது குளிர்பெட்டியில் வைப்பதிலும் இன்னும் கண்டிப்பு வேண்டும்.

இந்தப் பிழையை நோயாளியின் தலையில் கட்டக் கூடாது. எப்படிப் பிடிப்பது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் டப்பாவை நீட்டினால் அவர் என்ன செய்வார்? தண்ணீர் வரும் கழிப்பறை, தமிழில் எழுதிய நான்கு வரி விளக்கம், டப்பாவின் மேல் பிடித்த நேரம் — இவ்வளவையும் உறுதிசெய்துவிட்டு அறிக்கை கொடுப்பதே மருத்துவமனையின் கடமை.