ஒரு வீட்டுப் படியேற 41 ரூபாய் 67 பைசா

தில்லியில் பிரசவம் முடிந்து தாயும் சேயும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததும், அந்தப் பகுதியின் ஆஷா எனும் சுகாதார ஊழியர் ஆறு முறை அங்கே போக வேண்டும்: 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில். குழந்தையின் எடை, உடல் சூடு, தொப்புள், பால் குடிக்கும் விதம், தாயின் காய்ச்சல், ரத்தப்போக்கு எல்லாவற்றையும் பார்த்துப் படிவத்தில் எழுத வேண்டும். ஆறும் முடிந்தால் 250 ரூபாய். ஒரு முறைக்கு 41 ரூபாய் 67 பைசா. 2025 ஆகஸ்டில் கட்டணம் ஏறிய பிறகு, தில்லி மெட்ரோவில் 12 கிலோமீட்டரைத் தாண்டினாலே டிக்கெட் 43 ரூபாய்.

அந்த 250 ரூபாயும் எளிதில் வராது. பிறந்த எடை பதிவாகியிருக்க வேண்டும், முதல் தவணைத் தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும், பிறப்பைப் பதிவு செய்திருக்க வேண்டும், 42ஆம் நாள் வரை தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டும். 2011இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டி நெறி இப்படித்தான் சொல்கிறது. குழந்தை தவறிவிட்டால் டாக்டரின் சம்பளத்தைப் பிடிப்பதாக எந்த அரசு மருத்துவமனையிலும் விதி இல்லை. படியேறிப் போகிறவளுக்கு மட்டும் அந்த நிபந்தனை.

இப்படி வீடு தேடிப் போகும் திட்டத்தின் வேர் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் இருக்கிறது. அபய் பங், ராணி பங் தம்பதியர் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே பச்சிளங் குழந்தைகளைக் கவனிக்கச் செய்தார்கள். 1999இல் லான்செட் இதழில் வந்த அவர்களுடைய ஆய்வின்படி, மூன்றாம் ஆண்டில் பச்சிளங் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்தது. ஒரு குழந்தைக்கு ஆன செலவு 5.3 டாலர், அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 200 ரூபாய். கவனித்த 18 குழந்தைகளுக்கு ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது. ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகிய தில்லியில் அதே அளவு பலன் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கால் நூற்றாண்டுக்கு முந்தைய 200 ரூபாய்க்குப் பக்கத்தில் இன்றைய 250 நிற்பதற்கு அது காரணமாகாது.

ஒரு ஆஷாவின் மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நகரத்தில் ஒருவர் பொறுப்பில் சுமார் 2,000 பேர் என்று கொள்வோம். தில்லியில் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 14. ஆக ஆண்டுக்கு 28 குழந்தைகள். 28 × 250 = 7,000 ரூபாய், மாதத்துக்கு 583. பிறகு 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களிலும் போக வேண்டும். தடவைக்கு 50 வீதம் இன்னொரு 583. மத்திய அரசின் மாதாந்தர நிலைத்தொகை 2,000 ரூபாயாக இருந்தது. 3,500 ஆக்க 2025 மார்ச்சில் முடிவெடுத்தார்கள். அது முழுதாகக் கைக்கு வந்தாலும் மொத்தம் 4,666. தடுப்பூசி, பிரசவத்துக்கு அழைத்துப் போவது போன்ற வேலைகளுக்குத் தனித்தனி ஊக்கத்தொகை உண்டு, தில்லி அரசின் பங்கும் உண்டு. ஆனால் 2025 ஏப்ரலில் தில்லி அரசே பயிற்சியற்ற தொழிலாளிக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் 18,456. வீட்டுக்குப் போகும் தொகையை மட்டும் வைத்து அதை எட்ட மாதம் 443 வீடு ஏற வேண்டும், 26 நாளில் தினம் 17. அவ்வளவு குழந்தைகள் அவர் பகுதியில் பிறப்பதே இல்லை.

ஆஷாக்கள் காகிதத்தில் தன்னார்வலர்கள். அதனால் குறைந்தபட்ச ஊதிய விதி அவர்களைத் தொடுவதில்லை. கொரோனா காலத்தில் வீடு வீடாகப் போனதற்கு மாதம் 1,000 ரூபாய் கூடுதலாகத் தந்தார்கள். 2020 ஆகஸ்டில் ஜந்தர் மந்தரில் கூடி நியாயமான ஊதியமும் பாதுகாப்பு உபகரணமும் கேட்டவர்கள் மீது போலீஸ் வழக்குப் பதிந்தது. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது. விருதுக்கு வாழ்த்துச் சொல்ல மட்டும் யாரும் தாமதிக்கவில்லை.

இனி ஆஸ்பத்திரிப் பக்கம். 2025இல் தில்லி ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேர்ந்தது. மத்திய அரசின் 5 லட்சம், தில்லி அரசின் 5 லட்சம், ஆக ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க் காப்பீடு. 2025-26 பட்ஜெட்டில் இதற்கு 2,144 கோடி. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணம் உள்நோயாளிக்கானது. வீடு திரும்பியபின் 15 நாள் வரைதான் மருந்துக்கும் பரிசோதனைக்கும் தரும். பக்கவாதத்தில் படுத்த அப்பாவைப் புரட்டிப் போடவும், படுக்கைப் புண்ணைக் கழுவவும், குழாய் மாற்றவும் 16ஆம் நாளிலிருந்து வீட்டார்தான், பெரும்பாலும் மருமகளோ மகளோ. 2011 கணக்கெடுப்பிலேயே தில்லியில் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 11.5 லட்சம்.

இந்த இடைவெளியில் தில்லியில் நிற்பது நன்கொடைப் பணம். புற்றுநோயிலிருந்து மீண்ட ஹர்மலா குப்தா 1996இல் தொடங்கிய கேன்சப்போர்ட், மறு ஆண்டிலிருந்து டாக்டர், நர்ஸ், ஆலோசகர் கொண்ட குழுக்களை நோயாளிகளின் வீட்டுக்கே இலவசமாக அனுப்புகிறது. கேரளத்தில் 2008இல் வந்த வலிநிவாரணக் கொள்கையின்படி, ஊராட்சியின் பணத்திலேயே நர்ஸ் வீட்டுக்கு வருகிறார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையையும் வாசலுக்குக் கொண்டுவந்தது. நம் கணக்கும் சுத்தமில்லை: அந்த மாத்திரைகளைக் கொண்டுபோகும் பெண்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய்தான்.

தில்லியில் சுமார் 6,000 ஆஷாக்கள். ஒவ்வொருவருக்கும் 18,456 கொடுத்தால் ஆண்டுக்கு 132.9 கோடி. மத்திய அரசின் 3,500 ரூபாய் வழியாக வரும் 25.2 கோடியைக் கழித்தால் மீதி 107.7 கோடி. காப்பீட்டுக்கு ஒதுக்கிய 2,144 கோடியில் இது 5 சதவீதம். தில்லியின் ஒரு லட்சம் கோடி 2025-26 பட்ஜெட்டில் ஏறக்குறைய 0.11 சதவீதம். ஆஷாவுக்கு ஏற்கெனவே போகும் மற்ற ஊக்கத்தொகைகளைக் கழித்தால் இன்னும் குறையும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு அரசு நர்ஸை அனுப்பும் செலவு இதில் சேரவில்லை. அதற்கு அடுத்த பட்ஜெட்டில் தனித் தலைப்பே திறக்க வேண்டும், 16ஆம் நாளிலிருந்து.