வளைகோடுகளின் வழியே – 9: நிற்கும் முட்டை

சென்ற வாரம் நீள்வட்டச் சமன்பாட்டில் அடுக்கு 2-ஐ 2.5 ஆக்கினோம், கோடு தோள் அகன்று மீநீள்வட்டம் ஆனது. முன்கதை அவ்வளவுதான். இந்த வாரம் ஸ்டாக்ஹோமின் செர்கெல் சதுக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். ஒரு முட்டை குறுக்கே வந்துவிட்டது. 1959-ல் அந்தச் சதுக்கத்துக்காக 2.5-ஐத் தேர்ந்த டென்மார்க்காரர் பீட் ஹைன்தான் இந்த முட்டைக்கும் சொந்தக்காரர். உயரமும் அகலமும் 4:3 என்ற விகிதத்தில் இருக்கும் மீநீள்வட்டத்தை நெட்டச்சைச் சுற்றிச் சுழற்றினால் ஒரு திண்ம உருவம் கிடைக்கும். அதற்கு சூப்பர் முட்டை என்று பெயர் வைத்தார். அதை மேசையில் செங்குத்தாக வைத்தால் நிற்கிறது.

முனையைக் கொஞ்சம் தட்டையாகச் சீவியிருப்பார்கள் என்று சந்தேகம் வருவது நியாயமே. முட்டையின் அடியை நசுக்கி நிறுத்தியதாக கொலம்பஸைப் பற்றி ஒரு கதை உண்டே, அந்தத் தந்திரம்தானோ? இல்லை. நசுக்கிய முட்டையின் அடியில் உண்மையிலேயே ஒரு தட்டைப் பரப்பு இருக்கும். சூப்பர் முட்டையின் முனையிலிருந்து மயிரிழை நகர்ந்தாலும் பரப்பு வளைந்து விலகிவிடுகிறது. ஆனால் விலகும் வேகம்தான் வேறு. கோளத்தில் முனையிலிருந்து உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் விலகல் நான்கில் ஒன்றாகும், இங்கே 5.66-ல் ஒன்றாகிவிடும். முனையை நெருங்க நெருங்க வளைவு கரைந்துகொண்டே போய், முனை என்ற ஒற்றைப் புள்ளியில் மட்டும் சுழியாகிறது. நிற்பதற்கு அதுவே போதும். ஒரு முட்டை நிலையாக நிற்க, தொடும் இடத்தின் வளைவு ஆரம் ஈர்ப்பு மையத்தின் உயரத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அதே 4:3 அளவில் சாதாரண நீள்வட்ட முட்டை செய்தால் மையத்தின் உயரம் 4, முனையின் வளைவு ஆரம் 2.25, விழாமல் என்ன செய்யும்? மீநீள்வட்டத்திலோ வளைவு சுழி என்பதால் ஆரம் முடிவிலி. எவ்வளவு நெட்டையாகச் செய்தாலும், அடுக்கு 2-ஐத் துளி தாண்டியிருந்தாலும், முட்டை நின்றே தீரும்.

கணிதம் சொல்வது இருக்கட்டும், மேசை ஒப்புக்கொள்ளுமா என்பது அடுத்த கேள்வி. எத்தனை பாகை வரை சாய்த்தால் மீண்டும் நிமிரும் என்று கணக்கிட்டால் ஓர் அழகான விடை கிடைக்கிறது. அகலத்தை உயரத்தால் வகுத்து வரும் எண்ணை, அடுக்கு 2.5 ஆக இருக்கும்போது, ஐந்தாம் படிக்கு உயர்த்துங்கள். எல்லைச் சாய்வின் டேன்ஜென்ட் அதுதான். 4:3 முட்டைக்கு அது சுமார் 13 பாகை. விரலால் மெல்லத் தட்டினால் ஆடிவிட்டு நிமிர்ந்துகொள்ளும். அடுக்கை 2.1-க்கு இறக்கினால் ஐந்தாம் படி இருபத்தோராம் படி ஆகிவிடும், எல்லையும் ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நிற்கும்தான், யாரும் தும்மக் கூடாது. ஆக, நிற்குமா விழுமா என்பதற்கு அடுக்கு 2-ஐத் தாண்டியதா என்பதே விடை. எவ்வளவு தாண்டியது என்பது தாங்கும் திறனை மட்டுமே மாற்றுகிறது.

அப்படியானால் 2.5-க்கு என்ன தனிச்சிறப்பு என்று கேட்கலாம். கணிதத்தில் எதுவும் இல்லை. பீட் ஹைன் கண்ணுக்குப் பிடித்ததால் எடுத்துக்கொண்டார். டொராண்டோ கட்டடக் கலைஞர் ஜெரால்டு ராபின்சன் ஒரு வாகன நிறுத்துமிடத்துக்கு இயல் மடக்கையின் அடிமானத்தையே, அதாவது 2.718-ஐ, அடுக்காக வைத்தார். அந்த அடுக்கில் 4:3 முட்டை செய்தால் சுமார் 19 பாகை வரை தாங்கும். உறுதி மட்டுமே வேண்டுமென்றால் அடுக்கை ஏற்றிக்கொண்டே போகலாம். ஆனால் 4-ஐத் தாண்டும்போது முட்டை என்று சொல்ல நாக்கு கூசும், மூலை மழுங்கிய உருளை என்றுதான் சொல்லத் தோன்றும். செர்கெல் சதுக்கத்திலோ நிற்க வேண்டிய முட்டை ஏதும் இல்லை, சுற்றிவரும் வண்டிகள்தான். அங்கே முனையின் வளைவு சுழியாவதைவிட, வளைவு எங்கும் திடீரென்று தாவாமல் இருப்பதே முக்கியம். வட்ட வில்களை ஒட்டவைத்து வரையும் பழைய முறை ஏன் அங்கே உதவவில்லை என்பதை அடுத்த வாரம் பார்ப்போம், வேறு ஏதும் குறுக்கே வராவிட்டால்.