ஊர் கூடிக் கேட்ட ரேடியோவும், காதுக்குள் பாடும் செல்போனும்! சாந்தோம் கடற்கரையில் 100 வருடக் கதை

மாலை 6 மணி. சாந்தோம் தேவாலயத்துக்குப் பின்னால் கடற்கரை. சுண்டல்காரர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போகிறார். திரும்பிப் பார்ப்பவர் பாதிப் பேர்தான். மீதிப் பேர் காதில் 'இயர்போன்'!

மணலில் ஒரு குடும்பம் உட்கார்ந்தால் அப்பாவுக்கு கிரிக்கெட். அம்மாவுக்கு சீரியல். மகளுக்குப் பாட்டு. மகனுக்கு டுமீல் டுமீல் விளையாட்டு. ஆளுக்கொரு செல்போன். நடுவில் வைத்த மிளகாய் பஜ்ஜி ஆறிக் கிடக்கும். "கிளம்பலாமா?" என்பதைக்கூட வாட்ஸ்-அப்பில்தான் கேட்கிறார்கள் என்று கேலி பேசுவோரும் உண்டு.

இந்தக் கடற்கரையோடு கொஞ்சம் வடக்கே நடந்தால் மெரினா. அங்கே ஒரு காலத்தில் ஜனங்கள் கூட்டமாக உட்கார்ந்து, ஒரே ஒலிபெருக்கியில், ஒரே பாட்டைக் கேட்டார்கள். அதை நடத்தியது சினிமா கம்பெனி அல்ல. சென்னை மாநகராட்சி!

ஆமாம். குப்பை அள்ளுவது, வரி வசூலிப்பது, தெரு விளக்குப் போடுவது... இதோடு ரேடியோவும் நடத்தியது!

40 வாட் மோகம்

இந்தக் கதை ஒரு 'கருவிப் பித்தர்' மூலம்தான் தொடங்கியது. பெயர் சி.வி. கிருஷ்ணசுவாமி செட்டி. ரேடியோ என்ற சொல்லே ஊருக்குப் புதிதாக இருந்த நேரத்தில், தன்னைப்போல் அந்த மோகம் பிடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு 1924-ம் ஆண்டு 'சென்னை மாகாண ரேடியோ கிளப்'பை ஆரம்பித்தார். அந்த ஆண்டு ஜூலை 31-ந்தேதி ஒலிபரப்பும் தொடங்கிவிட்டது. ஒலிபரப்புக் கருவியின் சக்தி வெறும் 40 வாட்! அந்தக் கால குண்டு பல்பு ஒன்று குடிக்கும் மின்சாரம்.

மோகம் இருந்தது. காசு இல்லை. மூன்றே வருடத்தில், 1927-ல் கிளப் படுத்துவிட்டது. கருவி மாநகராட்சி கைக்கு வந்தது. 1930 ஏப்ரல் 1-ந்தேதி மாநகராட்சி ஒலிபரப்பு தொடங்கியது. ஏப்ரல் 1-தானே என்று யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். சாயங்காலம் பாட்டுக் கேட்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி நிகழ்ச்சி. ரேடியோ பெட்டி வாங்க வக்கில்லாதவனும் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து இலவசமாகக் கேட்டான்.

16-6-1938 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் திறக்கப்பட்டது. மாநகராட்சி தன் கடையைக் கட்டியது. 1954-ல் வானொலி நிலையம் கடற்கரைச் சாலைக்கே குடிவந்தது. சாந்தோமில் இருந்து கலங்கரை விளக்கம் பக்கம் போகிறவர்கள் தினமும் தாண்டிப் போகும் கட்டிடம்தான் அது. இந்தியாவில் முதல் எப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ந்தேதி சென்னையில்தான் நடந்தது என்பது, பஸ்சில் எப்.எம். கேட்டுக்கொண்டே அதைத் தாண்டிப் போகிற எத்தனை பேருக்குத் தெரியுமோ!

லைசென்சு இருக்கா?

ரேடியோ மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்தது. மர்பி, பிலிப்ஸ், புஷ் என்று பெட்டிகள். அலமாரி மேல் வைத்து, அதற்குப் பூப்போட்ட துணி உறை தைத்துப் போடுவார்கள். வீட்டு மருமகளுக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைத்ததா என்பது சந்தேகம். தொடுவதற்கு ஒருவருக்குத்தான் அதிகாரம். அது அப்பா!

அதற்கு லைசென்சும் வேண்டும். துப்பாக்கிக்கு அல்ல, ரேடியோவுக்கு! வருடா வருடம் தபால் ஆபீசில் பணம் கட்ட வேண்டும். 1980-களில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

காலை 7.15 மணிக்கு டெல்லியில் இருந்து தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணசுவாமியின் கணீர்க் குரல் வந்தால் ஆபீசுக்குப் போகும் குமாஸ்தா தலை சீவ ஆரம்பிப்பார். கடிகாரத்தில் சாவி கொடுத்து நேரத்தைச் சரி செய்வார். மாலையில் முள்ளைத் திருகினால் இலங்கை வானொலி. மீடியம் வேவ் அலை கடல் தண்ணீருக்கு மேலே ஜோராக ஓடும். கரையோரத்துக்காரர்களுக்கு அது ஒரு கொடுப்பினை. பக்கத்து வீட்டுக்காரர், "கொஞ்சம் சத்தமா வைங்க சார்" என்று கேட்ட காலம். இன்று அதே சத்தத்தில் வைத்தால், போலீசுக்குப் போன் போகும்.

"கிளியரா தெரியுதா?"

1975 ஆகஸ்டு 15-ந்தேதி சென்னைக்கு டெலிவிஷன் வந்தது. தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தால் அதிகம். சென்னையிலேயே தயாரான டயனோரா, சாலிடேர் பெட்டிகள் வைத்திருந்தவர் அந்தத் தெருவுக்கே ராஜா. வெள்ளிக்கிழமை ராத்திரி 'ஒலியும் ஒளியும்' வந்தால் ஹாலில் இடம் இருக்காது. ஜன்னல் கம்பியிலும் பிள்ளைகள் தொங்கும். பெட்டிக்காரப் பையனோடு அன்று காலையில் சண்டை போட்டவன்கூட சாயங்காலம் ஒரு பம்பரத்தைக் கொடுத்து ராஜியாகிவிடுவான். சில வீடுகளில் நாலணா வசூலும் நடந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 28 வருடம் கழித்து வந்த பெட்டிக்கு இவ்வளவு கிராக்கி.

சாந்தோம்காரர்களுக்கு இதில் ஒரு தனி வயிற்றெரிச்சல். உப்புக்காற்று! மொட்டை மாடியில் நட்ட ஆன்டெனா துருப்பிடித்துப் பல்லை இளிக்கும். போதாக்குறைக்குக் காக்கா உட்கார்ந்து திருப்பிவிடும். மாடியில் ஒருவர், மாடிப்படியில் ஒருவர், பெட்டி முன்னால் ஒருவர்.

"இப்போ கிளியரா?"

"இல்லே... புள்ளி புள்ளியா வருது!"

"இப்போ?"

"ஆங்... போயிடுச்சு, போயிடுச்சு!"

ஒரு பாட்டுப் பார்க்க மூன்று பேர் வேலை செய்தார்கள். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில்கூட அந்த அரை மணி நேரம் பேச்சு நடந்தது.

1982-ல் கலர் வந்தது. 1993-ல் சன் டி.வி. வந்தது. ஆன்டெனா இறங்கி கேபிள் ஏறியது. 2003 செப்டம்பரில் 'செட்-டாப் பாக்ஸ் வைத்தால்தான் கட்டணச் சேனல்' என்ற திட்டம் வந்தபோது, மற்ற பெருநகரங்கள் நழுவிக்கொள்ள, சென்னை மட்டும் மாட்டிக்கொண்டது.

பாட்டுப் பட்டியலில் காதல்

பெட்டி வீட்டுக்கு. கேசட்டோ தனி ஆளுக்கு. பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய 'டூ-இன்-ஒன்' இருந்தால் அந்த வாலிபன் தெருவில் நடக்கும் நடையே வேறு. ரிப்பேர் என்றால் அண்ணாசாலையில் இறங்கி ரிட்சி தெரு. அங்கே கிடைக்காத திருகாணி கிடையாது.

90 நிமிட கேசட் ஒன்றை வாங்கி, பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதி, பதிவு செய்யும் கடையில் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருப்பார்கள். சொல்ல முடியாததை அந்தப் பாட்டுப் பட்டியல் சொல்லிவிடும். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும். கல்யாணமாகி வேறு ஊர் போன பிறகும் அந்த கேசட்டை டிரங்குப் பெட்டியில் ஒளித்து வைத்த பெண்கள் உண்டு. இன்று நொடியில் ஆயிரம் பாட்டு அனுப்பலாம். எதை யார் அனுப்பியது என்று அடுத்த வாரம் நினைவிருக்காது.

சிவப்பு எண்ணும் மிஸ்டு காலும்

அடுத்து எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கூண்டு. ராத்திரி 11 மணிக்கு மேல் கால்வாசிக் கட்டணம் என்பதால் அப்போதுதான் வரிசை. துபாயில் இருக்கும் புருஷனோடு பேச வந்தவள் பேச்சைவிட சிவப்பு எண் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா? வெச்சிடட்டுமா?" மூன்று கேள்வியில் குடித்தனம்!

1995-ல் செல்போன் வந்தது. வருகிற அழைப்புக்கும் காசு. 2003-ல்தான் அது இலவசமானது. காசில்லாதவன் கண்டுபிடித்த பாஷை 'மிஸ்டு கால்'. ஒரு முறை அடித்து நின்றால் "கிளம்பிட்டேன்". இரண்டு முறை என்றால் "வாசலில் நிற்கிறேன்". பல கல்யாணங்கள் செலவில்லாமல் முடிவானது இப்படித்தான்.

இன்று அந்தக் கருவிக்குள் தாலிச் சங்கிலி தவிர எல்லாம் இருக்கிறது. பாங்கிப் பணம், குழந்தை போட்டோ, செத்துப்போன அம்மாவின் குரல் பதிவு. மோட்டார் சைக்கிளில் வருகிறவன் லபக்கென்று பறித்துக்கொண்டு போனால், பெண்டாட்டி நம்பர்கூட மனப்பாடமாகத் தெரியாமல் போலீஸ் நிலைய வாசலில் நிற்க வேண்டியதுதான். வாங்கிய அன்றே ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். அதை எழுதி வைத்தால், பறிபோன போனை எந்தக் கம்பெனி சிம்மிலும் வேலை செய்யாமல் முடக்க வழி இருக்கிறது. போனில் ஏமாந்து பணம் பறிகொடுத்தால் அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930. மாநகராட்சி ரேடியோ பிறந்த அதே 1930!

கருவி இருந்தும்...

26-12-2004. ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணிக்கு சுமத்ரா அருகே கடலுக்கடியில் பூகம்பம். சென்னையிலும் கட்டில் ஆடியது. ஜனங்கள் தெருவில் நின்று பேசிவிட்டு உள்ளே போய் காபி குடித்தார்கள். அலை சென்னையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இரண்டு மணி நேரம்! கூப்பிடு தூரத்தில் வானொலி நிலையம். வீட்டுக்கு வீடு கேபிள். கையில் செல்போன். ஆனால் நொச்சிக்குப்பத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் சீனிவாசபுரத்துக்கும் "ஓடு" என்று சொல்ல ஒரு குரல் வரவில்லை. அலைதான் வந்தது. சென்னையில் மட்டும் 200-க்கும் மேற்பட்டோர் பலி.

அதே காலை, புதுச்சேரி அருகே நல்லவாடு என்ற மீனவ கிராமத்தில் வேறு மாதிரி நடந்தது. அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். சுனாமி செய்தி தெரிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். "எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளியே போங்க" என்கிற தகவல். வீட்டார் தாங்கள் மட்டும் ஓடவில்லை. அந்த ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருந்த தகவல் மையம் ஒன்று உண்டு. கடல் அலை, வானிலை விவரங்களைத் தினமும் ஒலிபெருக்கியில் சொல்லும் இடம். பூட்டியிருந்த அந்தக் கதவை உடைத்தார்கள். ஒலிபெருக்கி அலறியது. சுமார் 3,600 பேர் ஓடித் தப்பினார்கள். வீடுகள் போயின. படகுகள் போயின. ஆட்கள் பிழைத்தார்கள்.

போன் ஒரு வீட்டுக்குத்தான் வந்தது. ஊரைக் காப்பாற்றியது மெரினாவில் 1930-ல் கட்டியதைப் போன்ற ஒலிபெருக்கி!

அதன்பிறகு 2007-ல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2016 டிசம்பர் 12-ல் வார்தா புயல் அடித்து கரண்டும் சிக்னலும் போனபோது, பரண் மேல் கிடந்த டிரான்சிஸ்டரைத் தூசி தட்டி பேட்டரிக்கு அலைந்தவர்கள் சாந்தோமிலும் உண்டு, மயிலாப்பூரிலும் உண்டு.

2023 அக்டோபரில் ஒரு நாள், தமிழ்நாடு முழுவதும் செல்போன்கள் திடீரென்று ஒரே நேரத்தில் கொய்ங் என்று அலறின. ஆபத்து எச்சரிக்கைக்கான சோதனை ஓட்டம். சத்தமில்லாமல் வைத்திருந்த போன்களும் சேர்ந்து கத்தின. பஸ்சில், கடையில், ஆபீசில் எல்லோரும் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் இருந்த முகம் தெரியாத ஆளிடம் கேட்டார்கள்:

"சார்... உங்க போன்லயும் வந்துச்சா?"