கடல் கடந்த பேரர்க்கு ஒரு கைவேலைப் பொதி

பேரப்பிள்ளையை மடியில் இருத்திக் கதை சொல்லி வளர்ப்பது தமிழ்க் குடும்பங்களில் பாட்டன் பாட்டியர்க்குரிய கடமையும் இன்பமுமாகும். கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களில் அவ்வின்பம் எத்தனையோ முதியவர்களுக்கு ஓர் ஒப்பந்தத்தினால் இல்லாமற் போயிற்று. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, நாடற்றவராயிருந்த மலையகத் தமிழருள் 525,000 பேர் இந்தியா செல்லவும், 300,000 பேர் இலங்கைப் பிரசையுரிமை பெறவும் முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

தொகையைப் பிரிப்பது எளிது. குடும்பத்தைப் பிரிப்பது எளிதன்று. மணமான மகன் தனியாக விண்ணப்பித்தான். பெற்றோர் வேறாக விண்ணப்பித்தனர். மகனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும், பெற்றோருக்கு இலங்கைப் பிரசையுரிமையும் கிடைத்த வீடுகள் பல. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை முதலிய இடங்களிலிருந்து கோச்சியேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் அடைந்தவர்களுட் பலர் மண்டபம் முகாமைக் கடந்து நீலகிரிக்குப் போயினர். கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் அவர்களுட் பலருக்கு வேலை அளித்தது. பறிப்பது அதே கொழுந்துதான்; பிள்ளைகளின் பாட்டிதான் கடலுக்கு இப்பால் நின்றுவிட்டாள். 1984இல் கப்பற் சேவையும் நின்றது. ஏழைக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் தபால் ஒன்றே துணையாயிற்று.

அத்தபாலிலும் ஓர் இடர் இருந்தது. தோட்டத்து மூதாட்டியருட் பலர் எழுத்தறியாதவர். வாத்தியாரையோ பள்ளி மாணவனையோ இருத்திச் சொல்லச் சொல்ல எழுதுவித்த கடிதத்தில் நலமும் பணமும் இடம்பெறும். பேரனைக் கொஞ்சும் சொல்லைப் பிறர் முன்னிலையில் சொல்லி எழுதுவிக்க நா எழாது. ஆனால், பழஞ்சேலைத் துண்டில் தைத்த பொம்மைக்கும், குளிருக்குப் பின்னிய குல்லாவுக்கும் எழுதுவோன் வேண்டியதில்லை. எழுத்தறியாதவள் தன் கையாலேயே அனுப்பக்கூடிய கடிதம் அதுவே.

பேரர்கள் இன்று நீலகிரியில் மட்டுமன்றி வளைகுடா நாடுகளிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழ்கின்றனர். கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசவும் முடிகிறது. எனினும், சிறு குழந்தை திரையின் முன் நெடுநேரம் இராது. இரண்டு சொற் பேசிவிட்டு ஓடிவிடும். கையில் கிடைத்த பொம்மையோ தலையணைக்கருகில் உறங்கும். பாட்டியின் பெயர் வீட்டில் நாள்தோறும் வழங்குவதற்கு அது காரணமாகிறது.

பொதி பெரிதாயிருக்க வேண்டுமென்பதில்லை, அடிக்கடி போகவேண்டும். ஆண்டிற்கொரு பெரும்பொதியைவிட, மாதமொரு சிறு உறை மேலானது. குழந்தை அதனை எதிர்பார்க்கத் தொடங்கும். உள்ளேயிருப்பது இன்னதென முன்கூட்டிச் சொல்லாதிருத்தல் நன்று. ஒவ்வொன்றிலும் ஒரு தமிழ்ச் சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதிப் படமும் வரைந்து வைத்தால், அயல்மொழிப் பள்ளியிற் பயிலும் பிள்ளைக்கு அது பாடமும் ஆகும். ஹந்தானை மலை, கண்டி வாவி, கொழுந்துக் கூடை என ஊரிலுள்ளவற்றையே வரையலாம்.

வேலையிற் பாதியைக் குழந்தைக்கு விட்டுவைப்பது சிறந்த உபாயம். கண் வைக்காத பொம்மையுடன் இரண்டு பொத்தான்களை அனுப்பினால், அதை முடிப்பது பேரப்பிள்ளையின் பொறுப்பாகிறது. அதுபோலவே ஒரு நூலுருண்டையை அனுப்பி, பிள்ளையின் உயரத்திற்கு அளந்து வெட்டித் திருப்பி அனுப்பச் சொல்லலாம். வரும் நூலைக் கதவு நிலையிற் கட்டிவிட்டால், பேரன் எவ்வளவு வளர்ந்தானென்பதைத் தாத்தா கண்ணாற் காண்பார். அடுத்த சட்டையின் அளவும் கிடைத்துவிடும்.

பொதிகளுக்கு வரிசையாக இலக்கமிடல் வேண்டும். லயன் காம்பராக்களுக்குத் தனி விலாசமின்றித் தோட்டத்தின் பெயருக்கும் பிரிவின் பெயருக்குமே தபால் வந்து, பல கை மாறியதால், கடிதங்கள் தவறிய குறை மலையகத்தில் நெடுநாளாக உண்டு. மூன்றாம் பொதிக்குப்பின் ஐந்தாம் பொதி வந்தால், நான்காவது வழியில் தவறியதென்று தெரியும். பாட்டி மறந்துவிட்டாள் என்று பிள்ளை எண்ணாது.

வெளிநாட்டுச் சிறு பொதி இரண்டு கிலோவுக்கு மேற்படலாகாது. உள்ளிருக்கும் பொருளையும் அதன் பெறுமதியையும் சுங்கப் படிவத்தில் எழுதவேண்டும். விதை, பச்சிலை, உலர்ந்த பூ முதலியவற்றைப் பல நாடுகள் தடுத்துவிடும். வீட்டுத் தின்பண்டத்திற்கும் சில நாடுகளில் தடையுண்டு. ஆதலின் பேராதனைப் பூங்காவின் இலை வேண்டாம். அதன் படம் போதும். துணி, நூல், கடதாசி ஆகிய மூன்றுமே பாதுகாப்பானவை, பாரமுமற்றவை.

எந்தக் கைவேலையும் பிரிந்த குடும்பத்தை மீண்டும் ஒரு கூரையின்கீழ்ச் சேர்த்துவிடாது. ஆயினும், தன்னை நினைத்து ஒருத்தி பல மாலைப்பொழுதுகள் இருந்து தைத்தாள் என்பதை அக்குழந்தை அறிந்திருக்கும். என்றேனும் ஒருநாள் கண்டிக்கு வந்து அந்த லயத்து வாசலில் நிற்கும்போது, கதவு நிலையில் வரிசையாகத் தொங்கும் நூல்கள் அதற்குத் தன் வளர்ச்சியைக் காட்டும். அவ்வீட்டிற்கு அது அந்நியப் பிள்ளையாக இராது.