உங்களுக்குத் தெரியுமா? ஆட்டுக் கொழுப்பு ஏன் வெள்ளை?

அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் பிடித்த வெள்ளாட்டை உரித்துத் தொங்கவிட்டால், குண்டிக்காயைச் சுற்றிய கொழுப்பு சுண்ணாம்பாய் வெளுத்திருக்கும். மேய்ச்சல் மாட்டின் கொழுப்போ மஞ்சள் பூத்திருக்கும். இரண்டும் தின்றது பச்சைதான். குழையில் உள்ள கரோட்டின் என்ற மஞ்சள் நிறமியை ஆடு அநேகமாக முழுவதும் வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடும். ஈரலில் சேர்வது அதுதான். மாடு, மாற்றாத மிச்சத்தைக் கொழுப்பில் ஒதுக்கும். (எருமை இதில் ஆட்டின் கட்சி.)

வைட்டமின் ஏ-வுக்கு இன்னொரு குணமும் உண்டு. வளர்ந்த மாட்டின் தசைக்குள் கொழுப்பு செல்கள் உருவாவதை அது தடுக்கும். அதனால்தான் ஜப்பானில் வாக்யூ மாடுகளைக் கொழுக்கவைக்கும்போது, நடுவில் சில மாதம் அதைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். சிவப்புக் கறிக்குள் வெள்ளை நூலாகக் கொழுப்பு ஓடும். அளவு தப்பினால் மாட்டுக்குக் கண்பார்வையே போய்விடும். வேடிக்கை என்னவென்றால், பிறந்த கன்றுக்கு அதே வைட்டமினைக் கொடுத்தால் பின்னாளில் தசைக்கொழுப்பு கூடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பச்சைத் தீவனத்தில் தாராளமாக உள்ள வைட்டமின் ஈ வேறு வகை: கொழுப்பு சிக்கு வாடை அடிக்காமல், கறி சீக்கிரம் கறுக்காமல் காக்கும்.

திண்டுக்கல் பிரியாணிக்கு வாக்யூ கணக்கு வேண்டாம். வெள்ளாடு கொழுப்பை வயிற்றுக்குள்தான் வைக்கும், தொடைக்கறியில் கொஞ்சம்தான். சீரகச் சம்பாவுக்கு நெய் தனியாக ஊற்றிக்கொள்ளலாம்.